பன்னிரண்டு கோழிகளும் இருபது போலீஸ்காரர்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முப்பத்து நான்கு வருடம் போலீஸ்காரனோடு குடித்தனம் நடத்திய என் மனைவி எஸ்தர், ஜீப்பைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். "என்ன பண்ணிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஒரு இளம் அதிகாரி. குல்கர்ணி மேடம். கையில் லேப்டாப். போலீஸ்காரர்கள் எண்ணிக்கை கூடினால் குற்றம் குறைகிறதா என்று ஒரு அறிக்கை தயாரிக்கிறாராம். ஒவ்வொரு போலீஸ் சௌக்கிக்கும் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். நீலக்கோடு ஆட்கள், சிவப்புக்கோடு குற்றங்கள். மற்ற சௌக்கிகளில் எல்லாம் கோடுகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. நான் வேலை பார்த்த ஜாம்பள்வாடி சௌக்கியில் மட்டும் ஓரிடத்தில் இரண்டு கோடும் ஜோடியாகத் தென்னை மரம் ஏறி, ஜோடியாக இறங்கியிருந்தன.

"காக்கா, அந்த மாசம் உங்க ஏரியாவுல என்ன நடந்தது? கலவரமா?" என்று மராத்தியில் கேட்டார். மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. கோபித்துக்கொள்ளக் கூடாது.

"கோழி" என்றேன்.

மேடம் எஸ்தரைப் பார்த்தார். வயதாகிவிட்டது, பாவம் என்கிற பார்வை. நான் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு கப் சாயா ஆறிப்போகும் வரை கேட்டுவிட்டு, இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார். மராத்தியில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் இது மராத்தியில் எழுதினால் பாதிதான் விளங்கும். குற்றவாளியே ஒரு தமிழ் எழுத்து. அதனால் நம் தமிழ் மன்றத்து மலருக்காக முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி நாலு வரி. பெயர் ஞானராஜ். நான்கு தலைமுறையாக நாங்கள் இந்தப் பக்கம்தான். வேலூரிலிருந்து ராணுவத்தாருக்குச் சமைக்க வந்த குடும்பம், சமையலை விட்டும் ஊர் திரும்பவில்லை. வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ். கதவைத் தாண்டினால் மராத்தி. தமிழ் படிக்கத் தெரிந்தது பாட்டுப் புத்தகத்தின் புண்ணியம். போலீஸ் பயிற்சியில் ஓடக் கற்றேன், சல்யூட் அடிக்கக் கற்றேன், நின்றுகொண்டே தூங்கக் கற்றேன். துப்பாக்கி சுடும் தேர்வில் தவறிப்போய்ப் பக்கத்து ஆளின் அட்டையில் சுட்டேன். அவனுக்கு முதல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் தீபாவளிக்கு அவன் போன் செய்வான்.

என் கடைசி பன்னிரண்டு வருடம் ஜாம்பள்வாடி சௌக்கியில். தேஹு ரோடு ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ராணுவக் கிடங்கின் வேலியோரமாகப் போனால் வரும். சௌக்கி என்பது ஸ்டேஷனின் குட்டி. எங்களுடையதில் இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் ஒரு பெஞ்சு, ஒரு வேப்பமரம். உள்ளே சுவரில் ஒரு பலகை. அதில் 'அனுமதிக்கப்பட்ட ஆட்கள்: 9' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே 'இன்று இருப்பவர்கள்' என்று போட்டு, எண்ணை மட்டும் சாக்பீஸால் எழுதுவோம். நான் இருந்த காலமெல்லாம் அங்கே மூன்று. பந்தோபஸ்து நாட்களில் இரண்டு, ஒன்று. ஒன்பதைப் பெயிண்டில் எழுதியவன் விவரமில்லாதவன் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

சௌக்கியின் பொறுப்பாளர் சப் இன்ஸ்பெக்டர் கதம் சாஹேப். ஒல்லி, கறுப்பு, குரலே எழாது. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது புகார் சொல்ல எதிரே உட்கார்ந்தால், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புற வைப்பார். நமக்கு நேரமாகிறது என்று அவர்களுக்குத் தோன்றக் கூடாதாம். முதலில் முழுவதும் சொல்ல விடுவார். அப்போது பேனாவைத் தொடக் கூடாது. பிறகு பெயர், வயது, ஊர், என்ன தொலைந்தது, என்ன நிறம், எவ்வளவு பெரியது, எங்கே வைத்திருந்தாய், கடைசியாக எப்போது பார்த்தாய் என்று வரிசையாகக் கேட்டு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். "வாசிக்கும்போது காகிதத்தைப் பார்க்காதே. அவங்க முகத்தைப் பார். நீ தப்பா எழுதியிருந்தா அங்கே தெரியும்" என்பார். இதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இந்த விதிதான் பிற்பாடு எங்களைக் கவிழ்த்தது.

இப்படி ஒரு புகாரை ஒழுங்காக எழுத முக்கால் மணி நேரமாகும். இருப்பதோ மூன்று பேர். ஒருவர் கோர்ட்டுக்குப் போவார், ஒருவர் பந்தோபஸ்துக்கு, மிச்சம் ஒருவர். அதனால் பெஞ்சில் எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். முதல் அரைமணி திருடனைத் திட்டுவார்கள். அடுத்த அரைமணி எங்களைத் திட்டுவார்கள். அதற்கடுத்த அரைமணியில் திருடனை மன்னித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இதனால் எங்கள் எல்லையில் குற்றம் மிகக் குறைவு. காகிதத்தில் பார்த்தால் ஜாம்பள்வாடியில் துறவிகள்தான் வசித்தார்கள்.

கதம் சாஹேப் மாதா மாதம் மேலிடத்துக்கு ஆறு ஆட்கள் கேட்டு எழுதுவார். மாதா மாதம் ஒரே பதில் வரும்: உங்கள் எல்லையில் குற்றம் குறைவாக இருப்பதால் கூடுதல் ஆட்கள் தேவையில்லை, பாராட்டுகள். ஒரு தடவை பாராட்டோடு ஒரு கேடயமும் வந்தது. சாஹேப் அதை டீ டம்ளரை மூடப் பயன்படுத்தினார்.

அந்த வருடம் ஆவணியில் பாராட்டு முற்றிவிட்டது. குற்றமே இல்லாத இடத்துக்குச் சௌக்கி எதற்கு, கணபதி விழா முடிந்ததும் மூடிவிடலாம், மக்கள் நேராக ஸ்டேஷனுக்கே போகட்டும் என்று கடிதம் வந்தது. ஸ்டேஷனுக்குப் போக இரண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும். சாஹேப் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ரெண்டு ஆட்டோ மாறி எவனும் போகமாட்டான் ராஜ். அப்புறம் இங்கே குற்றம் சுத்தமா இருக்காது" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

கணபதி வந்தது. எங்களையெல்லாம் நகரத்துக்குள் ஊர்வலப் பந்தோபஸ்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சௌக்கியைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. ஜீப் பழுதாகி ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் ஜீப் டிரைவர் பாட்டீல் சும்மா இருந்தார். அவரை உட்கார வைத்தோம். பாட்டீலுக்கு ஐம்பது வயது. நல்ல மனிதர், நல்ல டிரைவர். புகார் எழுதியதே இல்லை. கதம் சாஹேப் கிளம்பும்போது அவருக்கு விதிகளை எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடிகாரத்தைக் கழற்று, வரிசையாகக் கேள், வாசித்துக் காட்டு, முகத்தைப் பார். பாட்டீல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு பாக்கியம் வந்தாள். திசையன்விளைப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஆறு மாதம். புருஷன் தங்கதுரை கிடங்கில் தற்காலிக வேலை. அந்த மாதம்தான் அவனுக்கு வேலை நிரந்தரமாகிற காகிதம் வரவேண்டியிருந்தது. பாக்கியம் குடியிருப்புக்குப் பின்னால் கோழி வளர்த்தாள். ஆறு மாதத்தில் அவள் கற்ற இந்தியெல்லாம் காய்கறி வண்டிக்காரனிடமும் துணிக் கடையிலும் கற்றது. ஒன்று முதல் இருபது வரை எண்ணுவாள், நிறங்கள் தெரியும், வந்தது, போனது, நாள், காலை, ரொம்ப, என் வீட்டுக்காரர், அவ்வளவுதான். கோழிக்கு இந்தியில் என்ன என்று தெரியாது. அதனால் என்ன, கோழி என்றால் யாருக்குத்தான் விளங்காது என்று நினைத்துவிட்டாள்.

அவள் ஊரில் கோழியைக் கோளி என்பார்கள். தமிழில் நமக்கு இருப்பது ஒரே 'க'. மராத்திக்காரர்களுக்கு நாலு. பாட்டீலின் காதில் விழுந்தது, நம் பிள்ளைகள் விளையாடுகிற கோலிக்குண்டின் கோலி. இந்தியிலும் மராத்தியிலும் அதற்குத் துப்பாக்கிக் குண்டு என்று அர்த்தம். அவள் சொன்ன மாதிரியே 'கோளி' என்று கேட்டிருந்தாலாவது மராத்தியில் எட்டுக்கால் பூச்சி. பன்னிரண்டு எட்டுக்கால் பூச்சி காணவில்லை என்றால் பாட்டீல் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். ராணுவக் கிடங்கின் வேலியோரத்தில், "மேரா பாரா கோளி கயா", என் பன்னிரண்டு குண்டு போச்சு என்று ஒரு பெண் அழுகிறாள். பாட்டீல் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் புகார்ப் புத்தகத்தில் பாட்டீலின் கையெழுத்தில் இருக்கிறது. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன், ஒரு தடவைகூடச் சிரிக்காமல் முடித்ததில்லை.

என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார். நாலு கறுப்பு, மிச்சம் சிவப்பு. எவ்வளவு பெரியது என்று கேட்டிருக்கிறார். பாக்கியம் இரண்டு கைகளையும் விரித்து முழங்கை நீளம் காட்டியிருக்கிறாள். இது துப்பாக்கிக் குண்டு இல்லை, பீரங்கிக் குண்டு என்று பாட்டீலுக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. யார் கொண்டுவந்தது? என் வீட்டுக்காரர். அவர் எங்கே வேலை பார்க்கிறார்? டிப்போ, அதாவது ராணுவக் கிடங்கு. எங்கே வைத்திருந்தாய்? கூடையில். சத்தம் வருமா? தினமும் காலையில், ரொம்ப. இதைத் தவிர வேறு ஏதாவது? இரண்டு கோழி அடை உட்கார்ந்திருந்ததையும், முட்டை பொரிக்கிற நேரம் என்பதையும் அவள் சொல்லப் பார்த்திருக்கிறாள். இந்தி கிடைக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டி, "தோ தின்" என்று சொல்லி, மூடிய கையைப் படக்கென்று விரித்து, "டப்" என்றிருக்கிறாள்.

பாட்டீல் எழுதியிருக்கிறார்: 'இரண்டு நாளில் வெடிக்கும் என்கிறார்.'

கடைசியில் விதிப்படி வாசித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் பன்னிரண்டு கோலி காணவில்லை, சரிதானா? வாசித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒரு வெளியாள் தன் பேச்சைப் புரிந்துகொண்டு, தன் வார்த்தையையே திருப்பிச் சொல்கிறார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் ஆமாம், கோளி, கோளி என்று தலையாட்டியிருக்கிறாள். பாட்டீல் அதையும் எழுதினார்: 'புகார்தாரர் சிரித்தார்.' பிறகு அவளைப் பெஞ்சோடு வேப்பமரத்தடிக்கு நகர்த்திவிட்டு, மேலிடத்துக்குப் போன் செய்துவிட்டு, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்துவிட்டார்.

பகல் ஒரு மணிக்கு எனக்கும் கதம் சாஹேபுக்கும் செய்தி வந்தது. டோல் தாஷா மேள முழக்கத்தில் போனில் ஒன்றும் கேட்கவில்லை. "ஜாம்பள்வாடி", "வெடிக்கும்", இந்த இரண்டு வார்த்தைதான் விழுந்தது. சாஹேபின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

சௌக்கியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். இருபது போலீஸ்காரர்கள். அதுவரை அங்கே நான் அத்தனை தொப்பிகளைப் பார்த்ததில்லை. குண்டு மோப்பம் பிடிக்கிற நாய் ஒன்று, அதற்குத் தனி வண்டி. நடுவில் ஒரு பெரிய சாஹேப். பெயர் வேண்டாம். வேப்பமரத்தடியில் பாக்கியம் காலிக் கூடையோடு. அவளுக்குப் பத்தடி தள்ளி, இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் தங்கதுரை. வேலையிலிருந்து நேராகக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் வியர்த்து நின்றான். தன்மேல் என்ன குற்றம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியிருந்தது, நிரந்தர வேலை போச்சு.

பெரிய சாஹேப் கதம் சாஹேபைப் பார்த்து, கிடங்கோரத்தில் இவ்வளவு ஆபத்தான இடம், இங்கே மூன்று பேர்தானா என்று அதட்டினார். அதட்டிவிட்டு, சௌக்கியை மூடுகிற பேச்சே இனி கிடையாது, ஒன்பது பேரையும் நிரந்தரமாகப் போடுகிறேன், இன்றே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கதம் சாஹேபின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எத்தனை வருடக் கடிதம். அவர் என் பக்கம் திரும்பி, "ராஜ், உன் ஆட்கள் பாஷைதானே. அந்தப் பெண் என்ன சொல்றாள்னு ஒரு தடவை கேட்டுடு" என்றார்.

நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். "என்னம்மா தொலைஞ்சுபோச்சு?" என்று கேட்டேன்.

தமிழைக் கேட்டதும் அழுதுவிட்டாள். "அண்ணாச்சி, நீங்களாவது கேளுங்க. நேத்து கொட்டடிச்சிட்டு போனாவல்லா, அதுல இருந்து என் கோளி பன்னெண்டையும் காணல. அதுக்கு எதுக்கு எங்க வீட்டுக்காரர பிடிச்சு வச்சிருக்காவ? எங்க ஊர்ல கோளி காணலன்னா ஒருத்தர்கூட வரமாட்டாவ. இங்க இம்புட்டு பேரு வந்திருக்காவ. எனக்கே பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது, வெளியே வரவில்லை. வாயைத் திறந்தால் ஒன்பது பேர் போய்விடுவார்கள், சௌக்கியும் போய்விடும். திறக்காவிட்டால் தங்கதுரை போய்விடுவான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்து கதம் சாஹேபின் காதோடு, "கோம்ப்டி, சாஹேப்" என்றேன். மராத்தியில் கோழி.

அவர் மெதுவாகக் கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்தில் நின்ற வண்டியின் பானெட்டில் குப்புற வைத்தார்.

"பன்னிரண்டும்?"

"பன்னிரண்டும்."

"காலையில சத்தம்?"

"சேவல்."

"ரெண்டு நாளில் வெடிக்கும்னு இருக்கே."

"முட்டை, சாஹேப்."

திறந்த வாசல் வழியே மேஜைக்கடியிலிருந்து ஹெல்மெட்டோடு பாட்டீல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதம் சாஹேப் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நேராகப் பெரிய சாஹேபிடம் போய், சல்யூட் அடித்து, விஷயத்தைச் சொன்னார். என்னைச் சொல்லச் சொல்லவில்லை. தானே சொன்னார். எனக்கு வாய்த்த அதிகாரிகளில் அவரை எனக்கு மிகவும் பிடித்ததற்கு அந்த இருபதடி நடைதான் காரணம்.

பெரிய சாஹேப் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இது வெளியே போகக் கூடாது என்றார். வண்டியில் ஏறிப் போனார். தங்கதுரையை விட்டுவிட்டார்கள். அடுத்த வாரமே அவனுக்கு நிரந்தரக் காகிதம் வந்தது.

கோழிகளை யாரும் திருடவில்லை. டோல் தாஷா சத்தத்துக்கு மிரண்டு ஓடியிருந்தன. கண்டுபிடித்தது குண்டு மோப்ப நாய்தான். கட்டை அவிழ்த்துவிட்டதும் நேராக ஓடி, ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த பழைய லாரிக்குள் நுழைந்தது. உள்ளே பதினோரு கோழி. நாய் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பன்னிரண்டாவது கோழியைப் பற்றி நாயைக் கூட்டிவந்தவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனிமேல்தான் மேடத்தின் தென்னை மரம். வந்த இருபது பேரைத் திருப்பி அனுப்ப எழுத்தில் உத்தரவு வேண்டும். உத்தரவை டைப் அடிக்கிற கிளார்க்கும் ஊர்வலப் பந்தோபஸ்தில் இருந்தார். அது முடிந்து, காய்ச்சலில் படுத்தார். ஆக மூன்று வாரம் இருபது பேரும் எங்களோடு இருந்தார்கள். சௌக்கியில் நாற்காலி மூன்று. சாக்பீஸால் இருபத்து மூன்று என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது, பெயிண்டில் இருந்த ஒன்பதுக்கு அவமானமாகப் போய்விடுமே என்று.

வந்த கை சும்மா இருக்கக் கூடாது, பெஞ்சைக் காலி செய்யுங்கள் என்றார் கதம் சாஹேப். மரத்தடியில், படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து எழுதினார்கள். ஜாம்பள்வாடி சௌக்கியில் போனதும் எழுதிக்கொள்கிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. ஊரே வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன குக்கர் வெயிட்டுக்கு ஒருவர் வந்தார். மச்சான் வாங்கிப்போன ட்ரில் மெஷினைத் திருப்பித் தரவில்லை என்று ஒருவர். போசரி தொழிற்சாலைக்காரர் ஒருவரின் டப்பாவிலிருந்து தினமும் சப்பாத்தியை விட்டுவிட்டுப் பாஜிக் கறியை மட்டும் எவனோ தின்றானாம். சாகணில் வேலை செய்கிற ஒரு இன்ஜினியருக்குக் காரின் இடது கண்ணாடி மட்டும் மூன்றாவது தடவையாகப் போயிருந்தது.

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்த எங்களை ஒருநாள் ஆறு பெண்கள் நிறுத்தினார்கள். ஆறு பேரும் தனித்தனியாக வந்து, ஷேர் ஆட்டோவில் தங்கள்மேல் கை வைக்கிற ஒரே ஆளைச் சொன்னார்கள். வருடக்கணக்காக நடந்திருக்கிறது. ஏன் முன்னாலேயே வரவில்லை என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். வந்தேன், மூன்று தடவை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வேலைக்கு நேரமாகிப் போய்விட்டேன் என்றாள். அவனை மறுநாளே பிடித்தோம். அதுவரை எங்கள் காகிதத்தில் அவன் பிறக்கவே இல்லை.

மாதக் கடைசியில் கணக்கு மேலே போனது. பதில் சீக்கிரமே வந்தது. உங்கள் எல்லையில் குற்றம் திடீரென்று பெருகியிருப்பதால் சௌக்கியை மூடும் யோசனை கைவிடப்படுகிறது. கூடுதல் ஆட்கள் வந்த பிறகே குற்றம் பெருகியிருப்பதால் கூடுதல் ஆட்கள் திரும்பப் பெறப்படுகிறார்கள். ஒரே காகிதம், ஒரே கையெழுத்து. கதம் சாஹேப் அதை வாசித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேடயத்தை எடுத்து டம்ளரை மூடினார். நான் பலகையில் இருபத்து மூன்றை அழித்து மூன்று என்று எழுதினேன். அடுத்த மாதமே ஜாம்பள்வாடியில் குற்றம் சரசரவென்று குறைந்தது. பாராட்டு வந்தது.

இரண்டு வருடம் கழித்து சாஹேப் ஓய்வு பெற்றார். கடிகாரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடம் பங்குனியில் ஒருநாள், சௌக்கியில் நான் ஒருவன்தான். பலகையில் ஒன்று. பெஞ்சில் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால், அன்றைக்கு முதல் ஆளாக, பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இப்போது நன்றாக இந்தி வரும். முர்கி என்றால் கோழி என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளை முதலில் கூப்பிட்டு, கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தேன்.

அடை உட்கார்ந்திருந்த கோழியைக் காணவில்லையாம். போன மாதம் ஒன்று போனதாம், அதற்கு முந்தின மாதம் ஒன்று. இரண்டு தடவையும் வந்து முர்கி என்று சரியாகச் சொல்லி எழுதிக் கொடுத்தாளாம். யாரும் வந்து பார்க்கவில்லை. வரமாட்டார்கள்தான், ஆளில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

அவள் மேஜைமேல் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, முர்கின்னு எழுதாதிய. கோளின்னே எழுதுங்க. அப்பந்தான வருவாவ."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. முர்கி நான் கற்றுக் கொடுத்த வார்த்தை; அந்தச் சௌக்கி அவளுக்குக் கற்றுக் கொடுத்ததோ இது ஒன்றுதான்.

நான் எழுந்து தொப்பியைப் போட்டேன். பலகையில் ஒன்றை அழித்து, சாஹேப் சொல்லிக் கொடுத்த நேர்மைப்படி பூஜ்யம் என்று எழுதினேன். பலகையைக் கழற்றி வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். சௌக்கியைப் பூட்டினேன். இது விதிக்கு விரோதம், மேடம் படித்தால் மன்னிக்க வேண்டும். கடிகாரம் உள்ளே மேஜைமேலேயே கிடந்துவிட்டதால் எவ்வளவு நேரம் தேடினோம் என்று தெரியாது. வேலியோரம், சாக்கடைப் பாலத்தடி, பழைய லாரி, எல்லா இடத்திலும் பாக்கியம் பா பா என்று கூப்பிட்டாள், நானும் கூப்பிட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் போலீஸ்காரன் கோழியைக் கூப்பிடுவதைப் போனில் படம் பிடித்தார்கள். கடைசியில் ஒரு பழைய டயருக்குள் ஒன்பது முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. எடுக்கப் போன என் கையைக் கொத்தியது.

சட்டைமேல் கோழி எச்சத்தோடு சௌக்கிக்குத் திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. பலகையைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றையப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

மேடம், உங்கள் கோட்டுப் படத்தில் அந்த நாளைத் தேடிப் பாருங்கள். நீலக்கோடு தரையைத் தொட்டிருக்கும், சிவப்புக்கோடும் தரையைத் தொட்டிருக்கும். ஆட்கள் பூஜ்யம், குற்றம் பூஜ்யம். கிடைத்த கோழி ஒன்று. அதைப் போட உங்கள் லேப்டாப்பில் இடமிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.